பூட்டுத் தலை ரச்செட்: கடை மேசையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ரச்செட் என்பது, நட்டிலிருந்து கழற்றாமலே கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி நட்டைத் திருப்பும் கருவி. கைப்பிடியும் பல்லுத் தலையும் சேருமிடத்தில் கீல் வைத்த ரச்செட்டை மடங்கு தலை ரச்செட் என்கிறோம். அந்தக் கீலை வேண்டிய கோணத்தில் அசையாமல் நிறுத்த ஒரு பொத்தானும் இருந்தால் அது பூட்டுத் தலை ரச்செட். டொல்பின் வானின் அடியில் மல்லாந்து படுத்து, ஸ்டார்ட்டர் மோட்டரின் மேற்பக்கப் போல்ட்டை ஒரு கையால் தேடியவருக்கு அதன் பயனை விளக்கத் தேவையில்லை. பூட்டில்லாத தலை, அதில் மாட்டிய சொக்கெட் (போல்ட் தலையைக் கவ்வும் குழல்) போல்ட்டைத் தொடும் முன்பே தொங்கிவிடும். பூட்டியது நேரே போய் மாட்டிக்கொள்ளும்.

திருகோணமலையில் மத்திய வீதிப் பக்கம் ஒன்றை வாங்கப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்ட பல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கிறார்கள். நான் கீலை முதலிற் பார்ப்பேன். அதற்கான காரணம் மூன்றாம் படியில் வரும்.

முதற் படி, அளவு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 3/8 அங்குலச் சதுரமுனை (சொக்கெட்டை மாட்டும் முனை) உள்ளதை, அதாவது மூன்று நூல் அளவை, வாங்குங்கள். 1/4 அங்குலம் காபரேட்டர், மூடிகள் போன்ற சிறு வேலைகளுக்குப் போதும். 1/2 அங்குல மடங்கு தலை பலமானது, ஆனால் தலை தடித்திருப்பதால், எந்த இடுக்குக்காக வாங்கினோமோ அந்த இடுக்கிலேயே அது நுழையாமல் போவதுண்டு.

இரண்டாம் படி, பல் கணக்கு. 360 பாகையைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பல் நகரக் கைப்பிடி எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்: 72 பல்லுக்கு 5 பாகை, 90 பல்லுக்கு 4, 120க்கு 3. கைப்பிடி 25 சென்டிமீட்டர் நீளமென்றால், அதன் நுனியில் 5 பாகை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். 3 பாகை 13 மில்லிமீட்டர். 120 என்று எழுதியிருந்தால் உள்ளே 120 பல் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கியர்ரெஞ்ச் நிறுவனத்தின் 120எக்ஸ்பி வகையில் சக்கரத்துக்கு 60 பல்தான். பல்லைப் பிடிக்கும் நாக்குகள் இரண்டு மாறிமாறி விழுவதால் 120 நிலைகள் கிடைக்கின்றன. அதிற் குறையொன்றும் இல்லை; பல் பெரிதாக இருப்பது நல்லதுதான்.

மூன்றாம் படிதான் முக்கியம். இடக்கையால் தலையை இறுகப் பிடித்து, பூட்டை விழவைத்து, வலக்கையின் இரு விரல்களால் கைப்பிடியின் நுனியை முதலில் மேலும் கீழும் அசையுங்கள். அங்கே தெரியும் ஆட்டம் பூட்டின் ஆட்டம்; சிறிதளவு இருந்தாற் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு நட்டைத் திருப்பும் திசையிலேயே, பக்கவாட்டில் அசையுங்கள். இது கீல் ஆணிக்கும் அதை இருபுறமும் தாங்கும் கன்னங்களுக்கும் இடையிலுள்ள ஆட்டம். நாம் திருப்பும் விசையைத் தாங்குபவை இந்த ஆணியும் கன்னங்களுமே அன்றிப் பூட்டு அல்ல. பூட்டு கோணத்தை மட்டுமே காக்கிறது. ஆகவே 120 நிலை ரச்செட்டின் நுனி பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் ஆடினால், 13 மில்லிமீட்டர் அசைவு நடைமுறையில் 18 ஆகிவிடும்; ஆட்டமில்லாத 72 பல்லைவிட அதற்கு இருந்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இரண்டு மூன்றை எடுத்து இப்படி ஆட்டிப் பார்த்தே தெரிவு செய்யுங்கள்.

நான்காம் படியாகப் பூட்டின் நிலைகளை எண்ணுங்கள். நிலைகள் கூடக்கூடத் தேவையான கோணம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையைவிடப் பொத்தான் இருக்கும் இடத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாட் படகின் எஞ்சினில் வேலை செய்தபோது, கழுத்தின் முதுகில் மேடாக நின்ற பொத்தானை என் உள்ளங்கையே அழுத்திவிட்டது. தலை படக்கென்று மடிய, மூன்று விரல் மொளிகள் எக்ஸோஸ்ட் குழாயின் பட்டியில் உரசிக் கிழிந்தன. அன்றுமுதல், பொத்தான் சற்றுக் குழிக்குள் அமர்ந்திருப்பதை அல்லது அழுத்தாமல் பின்னே இழுத்துத் திறப்பதைத்தான் தேடுகிறேன்.

ஐந்தாவதாக, சதுரமுனையை வெறும் விரலால் திருப்பிப் பாருங்கள். அது இறுக்கமாகச் சுழன்றால், கைப்பிடியைப் பின்னுக்கு எடுக்கும்போது தளர்ந்த நட்டும் கூடவே திரும்பி வரும். நீங்கள் அரை மணிநேரம் ஆட்டினாலும் நட் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வாங்கியபின் முதல் வேலையை மேசைமேல் வைஸில் இறுக்கிய ஒரு போல்ட்டில் பழகுங்கள். கைப்பிடியைச் சாய்க்கும்போது நெம்பும் நீளம் குறைகிறது: 30 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 87 சதவீதம் மிஞ்சும், 60 பாகையிற் பாதிதான். எனவே கைக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் சாய்த்தாற் போதும். துருவேறி இறுகிய போல்ட்டின் முதல் அசைவைப் பிரேக்கர் பாரால் (பல்லில்லாத நீண்ட கைப்பிடியால்) எடுத்துவிட்டு, அதன்பின் ரச்செட்டை மாட்டுங்கள். கைப்பிடியில் இரும்புக் குழாய் செருகி நீட்டினால் மேலே சொன்ன கன்னங்கள்தான் முதலில் விரியும், விரிந்தவை மீண்டும் ஒடுங்குவதில்லை.

கடலோர வேலைக்கு ஒரு சொல். படகில் பயன்படுத்திய அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, பொத்தானின் ஓரத்திலும் கீலிலும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தடித்த கிரீஸைத் தலைக்குள் அடைக்கக் கூடாது; நாக்கு மந்தமாகிப் பல்லில் விழத் தவறும். படகுப் பெட்டியில் மறந்து விட்டுவந்த ரச்செட்டின் பொத்தான் உப்பேறி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.