ஒட்டுண்ணிக் குளவியைப் படத்தில் அடையாளம் காண: முகத்தை விடுங்கள், இறக்கையை எடுங்கள்

வேறு பூச்சிகளில் முட்டையிட்டு, தன் புழுக்களை அவற்றைத் தின்று வளரவிடும் குளவிதான் ஒட்டுண்ணிக் குளவி. அதன் படத்தைச் செயலியில் ஏற்றினால் நொடியில் ஓர் இனப் பெயரைச் சொல்லிவிடும். அதை அப்படியே நம்ப வேண்டாம். இக்நியூமோனிடே குடும்பத்தில் பெயரிடப்பட்ட இனங்களே 25,000-க்கு மேல். பல இனங்களைப் பிரிக்க முதுகின் பின்பகுதி மேடுபள்ளங்களையும் கால் நகங்களையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். படத்தை வைத்துக் குடும்பம் வரை போய்விட்டாலே நல்ல வேலை.

ஈ இல்லை, குளவிதான் என்பதுவரை நீங்களே பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: படம் எடுப்பது

தோட்டத்தில் துரத்த வேண்டாம். வீட்டுக்குள் வந்த குளவி வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் கண்ணாடிக்குத்தான் போகும். போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸே போதும். விலை கூடிய கேமரா இதற்குத் தேவையே இல்லை. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இறக்கை பளபளத்து நரம்பெல்லாம் மறைந்துவிடும்.

படி 2: முன் இறக்கை நரம்பு

என்னை ரொம்ப நாள் நிறுத்திவைத்த இடம் இது. முன் இறக்கையின் மேல் விளிம்பில் கறுத்த திட்டு ஒன்று தெரியும். அதற்குக் கீழே, இறக்கையின் நடுப்பகுதியில், குறுக்காக இறங்கும் நரம்புகளைப் பாருங்கள். உள்பக்கம் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று என இரண்டும் இருந்தால் பெரும்பாலும் இக்நியூமோனிடே. நுனிப்பக்கத்து நரம்பு இல்லையென்றால் பெரும்பாலும் பிராக்கோனிடே என்ற இன்னொரு குடும்பம். இரண்டிலும் விதிவிலக்குகள் உண்டு.

கேட்க எளிது. ஆனால் உட்கார்ந்திருக்கும் குளவி இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருக்கும். அடியில் இருக்கும் இறக்கையின் நரம்பும் மேலே தெரியும். எண்ணினால் ஒன்று இரண்டாகிவிடும். அதனால்தான் ஜன்னல் என்றேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நரம்புகள் கறுப்புக் கோடுகளாகத் துலங்கும். குளவி நடக்கும்போது இறக்கை கொஞ்சம் விரியும்; அப்போது வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் தட்டிவிடுங்கள். ஒன்றாவது தேறும்.

முன்விளிம்பில் ஒரே ஒரு நரம்புதான், மற்றபடி இறக்கை வெறுமையாக இருக்கிறதா? உணர்கொம்பும் முழங்கைபோல் மடங்கியிருந்தால் கால்சிட் குளவி; பல குடும்பங்கள் அடங்கிய வேறொரு கூட்டம் அது. அதிலேயே பின்தொடை பருத்திருந்தால் கால்சிடிடே குடும்பத்தை முதலில் பாருங்கள்.

படி 3: எதிலிருந்து வந்தது?

கறிவேப்பிலைச் செடிப் புழுவின்மேல் வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பலர் முட்டை என்பார்கள். பெரும்பாலும் அவை குளவியின் கூடுகள். குளவியின் புழுக்கள் அந்தச் செடிப் புழுவின் உள்ளே வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கட்டியவை. செடிப் புழுவை இலையோடு டப்பாவில் போட்டு, கூட்டிலிருந்து குளவி வெளிவரும்வரை மெல்லிய துணியால் மூடி வையுங்கள். புழுவின் பெயரையும் செடியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2014-இல் கோஸ்ட்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதியிலிருந்து அபான்டெலஸ் என்ற ஒரே பேரினத்தில் 186 புதிய இனங்களை விவரித்தார்கள். உடலமைப்போடு மரபணுவும், எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற குறிப்பும் அங்கே கைகொடுத்தன. படம் தராத தகவல் அது.

பின்சேர்க்கை: ராத்திரி டியூப்லைட்டுக்கு வரும் ஆரஞ்சுக் குளவியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நிறத்தில் பல பேரினங்கள் உண்டு. முன் இறக்கைத் திட்டுக்குக் கீழே, முடியில்லாத தெளிந்த பகுதியில் தேன் நிறத் துணுக்குகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் அநேகமாக இக்நியூமோனிடேயில் எனிகோஸ்பைலஸ் என்ற பேரினம். தெரியவில்லையென்றால் இக்நியூமோனிடே என்று மட்டும் குறித்து அடுத்த படத்துக்குப் போங்கள்.