பெண்ட் பைப் வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

பைக் என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்தான் பெண்ட் பைப். கடையில் ‘ஹெடர்’ என்று கேட்டாலும் அதையேதான் தருவார்கள், விலை மட்டும் கொஞ்சம் ஏறும்.

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். உங்களுடையது பி.எஸ். 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியா? அப்படியானால் கம்பெனி பைப்பையே வாங்குங்கள். பல மாடல்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் அந்தக் குழாயில்தான் இருக்கும். சத்தத்துக்காகவும் புகைக்காகவும் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் பிடித்தால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகும். வேலூர் கிரீன் சர்க்கிளில் போலீஸோடு நின்று வாதாட முடியாது.

பழைய வண்டிதானா? சரி, அடுத்தது அளவு. பழைய பைப்பைக் கழற்றுவதற்கு முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அவசரப்பட்டு ஸ்டட் (நட்டு ஏறும், என்ஜினில் பதிந்த திருகு) உடைந்தால் பைப் விலையை விட அந்தச் செலவு அதிகம். கழற்றிய பைப்பின் வெளிவிட்டத்தையும், ஃப்ளாஞ்ச் (என்ஜினோடு பைப்பை இணைக்கும் தட்டு) ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ‘பெரிய பைப் போட்டால் பிக்கப் வரும்’ என்பார்கள். நம்பாதீர்கள். புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில், அதாவது என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது நன்றாகவே தெரியும்.

கடையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ‘304 ஸ்டெயின்லெஸ்’ என்று விற்பது கெட்டியாக ஒட்டக்கூடாது. அப்படி ஒட்டினால் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்புதான். காட்பாடி ஸ்டேஷனுக்கும் தோட்டப்பாளையத்துக்கும் என்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில், குழாய்க்குள் சேரும் ஈரம் முழுசாகக் காய்வதில்லை. இரும்பு உள்ளிருந்தே அரிக்கும். அப்புறம் போன் டார்ச்சை அடித்து ஃப்ளாஞ்ச் பக்கம் உள்ளே பாருங்கள். வெல்டிங் உருண்டு நிற்கக்கூடாது. பளபளப்பில் மயங்கி நான் வாங்கிய முதல் பைப்பில் ஃப்ளாஞ்ச் ஓட்டை 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க அரம் போட்டேன்.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டை (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்) மறுபடி போடாதீர்கள், புதுசு போடுங்கள். நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் வந்தால் கசிவு இருக்கிறது. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் ‘டப் டப்’ என்று வெடிப்பதும் பல நேரம் இதனால்தான்.

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டார்ட் செய்யும் முன் பைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கைரேகை சூட்டில் அப்படியே பதிந்துவிடும். என் வண்டியில் மெக்கானிக் அண்ணனின் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது.