ட்ரை சூட்டுக்குள் சிறுநீர்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவிலுள்ள சில்ஃப்ரா நிலப்பிளவில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். அண்மையில் அங்கு முக்குளிக்க வந்த இரு புதியவர்கள், காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நிம்மதியோடு சொன்னார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே இறங்கியவன் என்பதால் இதை எழுதுகிறேன். ட்ரை சூட் (நீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடை) அணியுமுன் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் குடிக்காமல் இறங்குவது

குடிக்காவிட்டால் சிறுநீர் வராது என்ற கணக்கு நீருக்குள் பொய்த்துவிடும். உடல் மூழ்கியதும் கால்களிலுள்ள இரத்தத்தின் ஒரு பகுதி நீரின் அழுத்தத்தால் மார்புக்கு நகர்கிறது. குளிரில் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அது மேலும் கூடுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிவதை உடல் நீர் மிகுந்துவிட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொள்ள, சிறுநீரகங்கள் நீரை வெளியேற்றத் தொடங்குகின்றன. வறண்ட உடலோடு இறங்கியவருக்கும் இதுவே நடக்கும்; அவரிடம் எஞ்சியிருந்த நீரும் போய்விடும். சிலிண்டரிலிருந்து வரும் ஈரமற்ற காற்று தன் பங்குக்கு உலர்த்தும்.

நான் அப்படி இறங்கிய நாளில், இரண்டாம் முக்குளிப்பின் பாதியிலேயே தலைவலியும் அடக்க முடியாத உந்துதலும் சேர்ந்து வந்தன. முக்குளிப்பை நிறுத்திக் கரையேறி, கனத்த கருவிகளைச் சுமந்து நடந்து, முதுகுப்புற ஜிப்பை ஒருவர் திறந்துவிடுவதற்குள் உள்ளுடை நனைந்துவிட்டது. நனைந்த உள்ளுடை வெப்பத்தைக் காக்காது; நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் துணையின் முக்குளிப்பும் என்னால் பாழானது. அழுத்தத் தணிவு நோயின் (மேலேறும்போது அழுத்தம் குறைவதால் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகும் நோய்) ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக நீரிழப்பு கருதப்படும்போது, பயிற்சி தருபவர்களே சிலர் “காலையில் தண்ணீர் குடிக்காதீர்கள்” என்று சொல்வதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. முந்தைய நாளிலிருந்தே போதுமான நீர் அருந்துங்கள், காலையில் அதைச் சிறிது சிறிதாகத் தொடருங்கள், வெளியேற்றும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் மடங்குவது

ஆண்கள் பெரும்பாலும் ஆணுறை போல அணிந்து பசையால் ஒட்டும் வெளிக் கத்தீட்டரை (சிறுநீரைப் பிடிக்கும் உறை), சூட்டின் தொடைப் பகுதியிலுள்ள, சிறுநீரை வெளியே விடும் பீ-வால்வுடன் குழாயால் இணைக்கிறார்கள். உள்ளுடைக்கடியில் குழாய் மடங்கினால் சிறுநீர் பின்னோக்கி அழுத்திப் பசையைப் பெயர்த்துவிடும். மீதி முழுவதும் சூட்டுக்குள்தான். ஜிப்பை மூடுமுன் ஒருமுறை குந்தி எழுந்து பாருங்கள். கத்தீட்டரின் அளவை ஊகிக்காமல் அளந்து வாங்குங்கள், அன்று அந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ பூசாதீர்கள்.

வால்வைத் திறக்க மறப்பது

இறங்குமுன் திறந்துவிடுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்யாத வகை வால்வு என்றால், ஆழம் கூடக்கூடக் குழாயிலுள்ள காற்று சுருங்கி வலியுண்டாக உறிஞ்சும். ஆழம் குறைந்த இடத்திலேயே சிறிது கழித்துக் குழாயை நிரப்பிக்கொள்ளுங்கள்.

டயப்பரை ஒரேயடியாக நிரப்புவது

பெண்களுக்கென்று உடலில் ஒட்டும் கருவிகள் இருந்தாலும், பழகுவதற்கு நேரம் எடுப்பதால் பலர் டயப்பரையே விரும்புகிறார்கள். அது உறிஞ்ச அவகாசம் வேண்டும், விட்டுவிட்டுக் கழியுங்கள். கிடைநிலையில் நீந்தும்போது முன்பக்கந்தான் முதலில் கசியும்.

கழுவாமல் வைப்பது

குழாயையும் வால்வையும் அன்றே கிருமிநாசினி விட்டு அலசி உலர்த்துங்கள். இல்லையேல் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரக்கூடும்.