கம்மங்கூழும் அரைமணி நேரமும்

சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்தணும்னு நினைக்கறீங்களா? ஒரேயடியா எல்லாத்தையும் மாத்தாதீங்க. காலைச் சாப்பாட்டுல ஆரம்பிங்க, போதும். காங்கயம் பக்கம் எங்க அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) செஞ்ச மாதிரிதான் நான் கம்மங்கூழ் செய்யறேனுங்க. உரலுக்குப் பதிலா மிக்சி, அவ்வளவுதான்.

ஒரு டம்ளர் கம்புல தண்ணி தெளிச்சுப் பிசறி, 10 நிமிஷம் வெச்சு, மிக்சியில விட்டு விட்டுச் சுத்துங்க. உமி கழண்டதும் புடைச்சு, குருணையா உடைச்சுக்குங்க. அஞ்சு டம்ளர் தண்ணி கொதிக்கையில கொட்டி, அடுப்பைத் தணிச்சு, கை ஓயாமக் கிண்டணும். (முதல் தடவை அடிப்பிடிச்சு, சட்டி தேய்க்கவே எனக்கு ஒரு பொழுது போச்சு.) ஈரக்கையில தொட்டா ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறினதும் உருண்டை பிடிச்சு, மண்சட்டித் தண்ணியில போட்டு வெச்சிருங்க. விடியறதுக்குள்ள லேசாப் புளிச்சிரும்.

காலைல மோர் ஊத்திக் கரைச்சு, உப்பு, நசுக்கின சின்ன வெங்காயம். கடிச்சுக்க மோர் மிளகாய்.

குடிக்க அரைமணி நேரம் ஒதுக்கி, தரையில சம்மணம் போட்டு உக்காருங்க, போன் வேற ரூம்ல இருக்கட்டும். வயிறு நிறைஞ்சது நமக்கு உறைக்கவே 20 நிமிஷம் போல ஆகும். "ஏஞ்சாமி, பஸ்ஸா போகுது? மெல்லக் குடி"ம்பாங்க அமுச்சி. சக்கரை வியாதிக்காரங்க அளவை டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க. கம்புதானேன்னு ரெண்டு சொம்பு குடிச்சிராதீங்க.