கிளிமஞ்சாரோ: நாட்களை மிச்சம் பிடிக்கப் போய் மலையைக் கோட்டை விடாதீர்கள்

ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை கிளிமஞ்சாரோ. தான்சானியாவில், கென்ய எல்லையை ஒட்டி நிற்கிறது. அதன் உச்சியான உஹுரு 5,895 மீட்டர். அவ்வளவு உயரம் இருந்தும் வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறும் வேலை கிடையாது. நடந்தே போய்விடலாம். அதனால்தான் மலையேற்றப் பழக்கமே இல்லாதவர்களும் துணிந்து கிளம்புகிறார்கள். உச்சியைத் தொடாமல் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கால் ஒத்துழைக்கவில்லை என்பவர்களைவிட, தலைவலியும் வாந்தியும் தாங்கவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

இங்கே செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது, பயண நாட்களைக் குறைப்பது. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வருகிறது. ஒரு நாள் கூடினால் செலவும் கூடும், லீவும் கூடுதலாகக் கேட்க வேண்டும். அதனால் 5 நாள் திட்டத்தைப் பார்த்ததும் மனம் அங்கே போய்விடுகிறது. ஆனால் உடம்புக்கு நம் லீவு கணக்கு தெரியாது. உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. மராங்கு பாதையில் 5 நாளில் போனால் என்ன நடக்கிறது? இரண்டாம் இரவு 3,700 மீட்டரில் ஹொரோம்போ முகாம், மூன்றாம் நாளே 4,700 மீட்டரில் கிபோ முகாம். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்பாடு.

மராங்குவில் குடில்களில் படுக்கை கிடைக்கும், மற்ற பாதைகளில் கூடாரம்தான். அந்த வசதியை மட்டும் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மராங்குதான் வேண்டும் என்றால் ஹொரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி 6 நாளாகப் போங்கள். என்னைக் கேட்டால் மச்சாமே பாதையில் 7 நாள், இல்லை லெமோஷோவில் 8 நாள் என்பேன். இரண்டிலும் லாவா டவர் என்ற இடம் வருகிறது. பகலில் அங்கே 4,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, இரவுக்கு 4,000 மீட்டருக்குக் கீழே இருக்கும் பாரங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவார்கள். உயரத்தை உடம்புக்குக் காட்டிவிட்டுத் தாழ்வான இடத்தில் தூங்கவைக்கும் ஏற்பாடு இது. நடக்கும்போது, ஏறியதை எல்லாம் வீணாக இறங்குகிறோமே என்று எரிச்சல் வரும். அந்த இறக்கத்தின் பலன் உச்சி ஏறும் இரவில் தெரியும்.

அடுத்தது, பருவம். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் திட்டம் போடுகிறோம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். பாதை சேறாகிவிடும், நனைந்த துணி காயாது. நவம்பரிலும் மழை உண்டு. ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் லீவோடு சேர்த்துப் போவது நல்ல யோசனை.

உடற்பயிற்சி தேவைதான். முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்குவதும், வெள்ளியங்கிரி போய் வருவதும் காலையும் மூச்சையும் பழக்கும். ஆனால் உயரத்துக்குப் பழகாததால் தலைவலி, வாந்தி என்று படுத்தும் மலைநோய் மாரத்தான் ஓடுபவருக்கும் வரும். உடல் தகுதி அதைத் தடுக்காது. இன்னும் சொன்னால், வேகமாக நடக்க முடிகிறவர்கள்தான் முதல் இரண்டு நாளில் முன்னால் ஓடி, மூன்றாம் நாள் கூடாரத்தைவிட்டு எழ முடியாமல் கிடப்பார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

தலைவலியை மறைப்பது ரொம்ப ஆபத்தான தவறு. வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி இல்லை. தினமும் மாலையில் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, தலைவலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பார். திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடாதீர்கள். லேசான தலைவலியை முன்கூட்டிச் சொன்னால் வேகத்தைக் குறைப்பார், தண்ணீர் குடிக்கச் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் குடித்தவர்போலத் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல் எல்லாம் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்பதன் அறிகுறிகள். அப்போது நடுராத்திரி என்றாலும் உடனே இறங்கியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடலாம்.

மலைநோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். அதைப் போட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். மலையில் முதல்முறை அனுபவித்துப் பதறாமல், மருத்துவர் சம்மதித்தால் ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளிரை நாம் சரியாகக் கணிப்பதே இல்லை. ஊட்டிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே எடுபடாது. உச்சி ஏறும் இரவில் மைனஸ் 10, காற்றடித்தால் மைனஸ் 20 போல உறைக்கும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்கவைக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவில் கதகதப்பு, மேலே காற்று புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சிக் குடிப்பது பகலில் சுகம். அந்த இரவில் முதலில் உறைவது அந்தக் குழாய்தான். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் நிற்கும் தண்ணீரைப் பைக்குள்ளேயே ஊதித் தள்ள வேண்டும். அதை நம்பியே இருக்காமல், வாய் அகன்ற பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்து, தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் பிடிக்கும், மூடிப் பக்கம் அடைக்காது. தலையில் மாட்டும் விளக்கின் மாற்று பேட்டரியையும் போனையும் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சைவம் என்றால் கூட்டிப்போகும் நிறுவனத்துக்கு முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். உயரம் ஏற ஏறப் பசி செத்துவிடும். ஊறுகாய், பருப்புப் பொடி, பேரீச்சம்பழம் கையில் இருந்தால் நாலு வாய் உள்ளே போகும்.

நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளைப் பாருங்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று தேடிப் படியுங்கள். 6,000 என்று இருக்க வேண்டும்.

ரொம்ப மலிவான நிறுவனம் வேண்டாம். அவர்கள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் சுமைதூக்கிகளின் கூலியிலும் சாப்பாட்டிலும்தான். ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு உண்டு. சுமைதூக்கிகள் எங்கே தூங்குகிறார்கள், எத்தனை வேளை சாப்பாடு, சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரை விட்டுவிடுங்கள். டிப்ஸ் பணத்தைத் தனியாக எடுத்து வைத்து, அவரவர் கையில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இறக்கம். உச்சியோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லாரும் தயாராகிறோம். மச்சாமே, லெமோஷோ பாதைகளில் அன்றே மூவேகா முகாம் வரை, கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறங்க வேண்டியிருக்கும், அதுவும் தூக்கமில்லாத உடம்போடு. முழங்கால் கெஞ்சும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். அந்த ஷூவும் ஊரிலேயே பல வாரம் நடந்து பழகியதாக இருக்கட்டும்.