டிரைவரில் குளோபல் லாக்கைக் கழற்றப்போகிறவர்களுக்கு

திருச்சியிலிருந்து மொரிஷியஸின் எபேனுக்கு வேலைக்கு வந்த இரண்டு தம்பிகள், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்புக்கு எழுதிய, கருவியை இயக்கும் ஒரு டிரைவரைப் புதிய கெர்னலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, பெரிய லாக்கை எடுத்துட்டோம், ஓடுது" என்றார்கள். திறந்து பார்த்தால் நான் அன்று செய்த அதே தப்பு, வரி பிசகாமல். அன்லாக் போட மறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்புகளில் இருப்பவை பெரிய தவறுகள்.

லாக்கின் பெயரை மட்டும் மாற்றுவது

தம்பிகள் சொன்ன பெரிய லாக், கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டாக இருந்த லினக்ஸின் பிக் கெர்னல் லாக். அது 1996-இல் 2.0 பதிப்போடு வந்தது, 2011-இல் 2.6.39-இல் போய்ச் சேர்ந்தது. அதைப் பிடித்த நிரல் தூங்கப் போனால் கெர்னலே லாக்கை விடுவிக்கும். எழுந்ததும் மறுபடி பிடித்துக் கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் சாதாரண லாக்கான மியூடெக்ஸ் அப்படியில்லை, அதைப் பிடித்த நிரல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்கும்.

இது தெரியாமல் நான் ஒரு சீனி ஆலையின் லாரி எடை மேடை டிரைவரில் பெரிய லாக்கைப் பிடிக்கும் லாக்_கெர்னல் இருந்த இடமெல்லாம் மியூடெக்ஸ்_லாக் என்று மாற்றினேன். 2.6.36-இல், கருவிக்குக் கட்டளை அனுப்பும் ஐஓசிடிஎல் அழைப்பின் பழைய நுழைவாயிலையே எடுத்துவிட்டார்கள், மாற்றாமல் வழியில்லை. மேஜையில் நன்றாகத்தான் ஓடியது, ஏனென்றால் அங்கே எடையைப் படிக்கும் ரீட் மட்டும்தான் ஓடியது.

கரும்பு அறுவடைக் காலம். ஒரு ராத்திரி, ரீட் எடைக்காக மியூடெக்ஸோடு தூங்குகிறது. மேடையைப் பூச்சியமாக்க ஆபரேட்டர் பட்டனை அழுத்துகிறார். அந்த ஐஓசிடிஎல் மியூடெக்ஸுக்குக் காத்திருக்கிறது. பூச்சியமாக்காமல் மேடை எடை அனுப்பாது. அவ்வளவுதான், இரண்டும் நின்றன. கரும்பு லாரிகள் ரோடு வரை வரிசை. நான் கில் -9 அடித்தேன், அசையவில்லை; பிஎஸ் பட்டியலில் 'டி', அதாவது சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கம் என்று நின்றது. லாக்கில் மாட்டிய நிரலைக் கொன்றுகொண்டிருந்தேன். கொல்ல வேண்டியது தூங்கிய ரீடை! அதைக் கண்டுபிடிக்க விடிந்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? அந்த லாக் எந்த டேட்டாவைக் காக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். என் டிரைவரில் அது ஒரு ரிங் பஃபரும் (சுழற்சியாக நிரம்பும் தற்காலிக இடம்) இரண்டு எண்ணிகளும்தான். அவற்றை, கருவி கூப்பிட்டதும் ஓடும், தூங்கவே கூடாத இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடுவதால் மியூடெக்ஸே உதவாது. தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக் கருவிக்கு ஒன்று, இன்டரப்டையும் நிறுத்திவைக்கும் ஐஆர்க்யூசேவ் வகை, போதும். தூங்குவது லாக்குக்கு வெளியே. எழுந்தபின் லாக்கைப் பிடித்து, டேட்டா இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இடையில் வேறொரு ரீட் எடுத்திருக்கலாம்.

ஒற்றைக் கோர் மெஷினில் சோதிப்பது

அங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், அது சோதனையே இல்லை.

லாக்டெப்பை அணைத்துவைப்பது

லாக் தவறுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் இந்தக் கருவி 2006-இலிருந்து கெர்னலில் இருக்கிறது. போடுங்கள்.

கருவியை முதலில் பதிவு செய்வது

கருவியைக் கெர்னலில் பதிவு செய்யும் சிடெவ்_ஆட் முடிந்த கணமே யாராவது ஓபன் செய்யலாம். பஃபர், லாக், காத்திருப்போர் வரிசையான வெயிட் க்யூ எல்லாம் அதற்கு முன்பே தயாராக வேண்டும். பழைய காலத்தில் ஓபனையே பெரிய லாக் தடுத்து வைத்திருந்ததால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை, 2008-இல் 2.6.27-க்காக அந்தத் தடையை டிரைவர்களுக்குள் தள்ளியபோது ஒவ்வொரு ஓபனாகப் பார்க்க வேண்டியிருந்தது. தம்பிகளின் டிரைவரில் சிடெவ்_ஆட் எட்டாவது வரியில் இருக்கிறது, ஸ்பின்லாக்கைத் தயார் செய்வது முப்பதாவதில்.