கவர்னர் போட்ட உத்தரவுக்கு பிரிட்டிஷ் அரசிடம் நியாயம் கேட்பது எப்படி

2021 அக்டோபரில் படகு சிக்கலில் மாட்டி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியேகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்ட ஈழத் தமிழர்களை, குழந்தைகளோடு சேர்த்து, வேலி போட்ட கூடாரங்களில் வைத்தார்கள். பலருக்கு அந்த வாழ்க்கை மூன்று வருடம் நீண்டது. அந்தத் தீவை ஆள்பவர் ஓர் ஆணையர், லண்டனில் வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கும் அதிகாரி. அந்தக் காலத்துக் கவர்னர் வேலைதான், பெயர் மட்டும் வேறு. 2024 டிசம்பர் 16 அன்று அந்த ஆட்புலத்தின், அதாவது அந்த ஆணையர் ஆளும் பகுதியின், உச்ச நீதிமன்றமே, அவர்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே "முடியரசின் பெயரில் போட்ட உத்தரவை யார் கேட்பது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்கலாம். ஆனால் கேட்கும் முறை தவறினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்பீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த உத்தரவைக் கையில் எடுங்கள். "காலனி ஆட்சி எங்களுக்கு அநியாயம் செய்தது" என்று மொத்தமாக எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. எந்தத் தேதியில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், யார் கையெழுத்திட்டார் என்பது வேண்டும். அந்தக் காலனியின் அரசிதழில் தேடிப் பாருங்கள். அப்புறம் அந்தப் பிரிவு கவர்னருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் கொடுத்தது என்று வரிவரியாகப் படியுங்கள். இலங்கையில் 1937இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்து, தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடு கடத்தும்படி கவர்னர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். அவர் காட்டிய அதிகாரம் 1896ஆம் வருடத்து ஆணை ஒன்றிலிருந்து வந்தது, போர் போன்ற நெருக்கடிக்காக எழுதப்பட்டது. ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தலைமை நீதிபதி ஆப்ரஹாம்ஸ் இருந்த அமர்வு, அமைதிக் காலத்தில் அந்த அதிகாரம் செல்லாது என்று அவரை விடுவித்தது. ஒரே ஒரு சட்ட வரியைச் சரியாகப் படித்ததில் கிடைத்த வெற்றி அது.

அடுத்தது, முடிவு யாருடையது என்ற கேள்வி. கவர்னர் தானாக எடுத்தாரா, லண்டன் சொல்லிச் செய்தாரா? வேடிக்கையான கேள்வி போலத் தோன்றும், ஆனால் பல வழக்குகள் இங்கேதான் சிக்குகின்றன. தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டனிடம் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் ஒரு மீன்பிடி நிறுவனத்துக்கு உரிமம் மறுக்கும்படி லண்டனிலிருந்துதான் உத்தரவு போனது. அந்த உத்தரவு செல்லாது என்று கோர்ட் சொன்ன பிறகும் நிறுவனத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2005இல், அந்த உத்தரவைப் போட்ட ராணி தெற்கு ஜார்ஜியாவின் ராணி, பிரிட்டனின் ராணி அல்ல என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. சுதந்திரம் பெற்ற நாடு என்றால் பொறுப்பெல்லாம் புதிய அரசுக்குப் போய்விட்டது என்று வாதிடுவார்கள், காலனி கால முகாம்களில் வதைபட்ட கென்யர்கள் போட்ட வழக்கிலும் அதைத்தான் சொன்னார்கள். அதனால் கவர்னருக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிய கடிதங்களும் தந்திகளும்தான் உங்கள் வழக்கின் உயிர்.

அவற்றைத் தேடும் இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அட்டவணையை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சி.ஓ. என்று தொடங்கும் வரிசைகள் காலனி அலுவலகத்துக் கோப்புகள்: இலங்கைக்கு சி.ஓ. 54, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்கு சி.ஓ. 273, கென்யாவுக்கு சி.ஓ. 533. இவற்றோடு நிறுத்திவிடாமல் எஃப்.சி.ஓ. 141 வரிசையையும் பாருங்கள். சுதந்திரம் கொடுக்கும் முன் காலனிகளில் சங்கடம் தரக்கூடிய காகிதங்களை எரித்தார்கள், இல்லாவிட்டால் லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அப்படி வந்த 37 காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பூங்கா என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்து, கென்யர்களின் வழக்கு நடந்த 2011இல்தான் வெளியே வந்தன. கென்யாவின் அரசு தலைமை வழக்குரைஞர் 1957இல் முகாம்களில் கைதிகளை அடிப்பது பற்றிக் கவர்னர் பேரிங்குக்கு எழுதியது இன்று நம் கண்முன் இருக்கிறது: பாவம் செய்தே தீருவதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று. தேடியும் கிடைக்காத கோப்பு அமைச்சகத்திடம் இருக்கலாம் என்று பட்டால் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கோர்ட் எது? இன்னும் பிரிட்டனிடம் இருக்கும் ஆட்புலம் என்றால் அந்த ஆட்புலத்தின் சொந்த உச்ச நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடு, கடைசியில் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில். முன்னாள் காலனி என்றால் பொதுவாக லண்டன் உயர் நீதிமன்றம், எதிர்மனுதாரர் வெளியுறவு அமைச்சகம். வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், பதில் சொல்ல அவகாசம் கொடுத்து.

காலக்கெடுதான் ஆளைக் கொல்லும். புதிய முடிவை இங்கிலாந்தில் நீதிமுறை மறுஆய்வுக்கு, அதாவது அது சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கோர்ட் பார்ப்பதற்கு, கொண்டுபோக அதிகபட்சம் மூன்று மாதம், அதற்குள்ளும் தாமதிக்கக் கூடாது. உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு மூன்று வருடம். 1980ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் நீதிபதி இதைத் தளர்த்தலாம், ஆனால் உடற்கேட்டுக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். நிலம் பறிபோனதற்கு அந்தக் கதவு கிடையாது. இந்தப் பிரிவை வைத்துத்தான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சிக் காலத்து முகாம்களில் வதைபட்ட மூன்று கென்ய முதியவர்கள், 50 வருடத்துக்கும் மேல் கழித்து, 2012இல் தங்கள் வழக்கை விசாரணைக்குத் தகுதியானதாக்கினார்கள். ஆவணங்கள் மலைபோல் இருந்ததால் நேர்மையான விசாரணை இன்னும் சாத்தியம் என்று நீதிபதி மெக்கோம்ப் ஒப்புக்கொண்டார். பின்னால் 40,000 பேர் சேர்ந்து போட்ட இன்னொரு கென்ய வழக்கு 2018இல் விழுந்தது, காலம் கடந்ததே முக்கியக் காரணம். எனவே ஆட்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள், ஆதாரம் வலுவாக உள்ள சிலரை முன்னால் நிறுத்துங்கள். ஊரில் உயிரோடு இருக்கும் பெரியவர்களின் வாக்குமூலத்தை இந்த மாதமே, அவர்கள் மொழியிலேயே, தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். தழும்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்கி வையுங்கள்.

பழைய சட்டம் இன்றும் அமலில் இருந்தால் அது வேறு விஷயம், இன்றைய தடையாகவே அதை எதிர்க்கலாம். தங்கள் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களை ஊருக்குத் திரும்பவிடாமல் ஆணையர் 1971இல் போட்ட கட்டளைச் சட்டத்தை, அவர்களில் ஒருவரான ஒலிவியே பான்கூல் 1998இல் எதிர்த்தார், 2000 நவம்பரில் வென்றார். 2004இல் அரசு மகாராணியின் ஆணை ஒன்றால் கதவை மறுபடி அடைத்தது, 2008இல் பிரபுக்கள் சபையும் 3க்கு 2 என்று அரசின் பக்கம் நின்றது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வென்ற மறுநாளே அடுத்த சண்டைக்குத் தயாராக இருங்கள்.

சமரசம் பேச வருவார்கள். கென்யர்களின் வழக்கில் 2013 ஜூனில் 5,228 பேருக்கு வழக்குச் செலவோடு சேர்த்து 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டு, நாடாளுமன்றத்திலேயே வருத்தம் தெரிவித்தார்கள். பணம் மட்டும் போதுமா, வருத்தமும் நினைவுச் சின்னமும் வேண்டுமா என்பதை முன்கூட்டியே உங்கள் ஆட்களோடு பேசி முடிவு செய்யுங்கள். நீட்டும் காகிதத்தை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 1982இல் சாகோஸ் மக்களுக்கு 40 லட்சம் பவுண்டு கொடுத்தபோது, ஆங்கிலம் தெரியாத பலரிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அந்தச் சமரசத்தைக் காட்டித்தான் 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் மனுவை ஏற்க மறுத்தது. படிவத்தை உங்கள் மொழியில் எழுத்தில் கேளுங்கள், அரசு சம்பளம் கொடுக்காத ஒரு வழக்குரைஞரிடம் காட்டுங்கள், அதுவரை பேனாவையும் மைப்பெட்டியையும் தள்ளி வையுங்கள்.